பெயிண்ட் காய்வதற்குள்

கட்டுகஸ்தோட்டை வீட்டு முற்றத்தில் மகன் மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைச் சாண்ட்பேப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் என்னைச் சிறுவயதில் இருந்த நாவலப்பிட்டி வீட்டுக்கு இழுத்துப் போனது.

அப்பாவும் இப்படித்தான் தன் மோட்டார் சைக்கிளின் ஃபோர்க்கைக் கழற்றித் தேய்த்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து, கொய்யாக் கிளையில் தொங்கவிட்டிருந்தார். அதில் முகம் பார்க்கப் போன அக்கா, காயாத பெயிண்டில் விரல்களை வைத்துவிட்டாள்.

அப்பா கத்தவில்லை. அவள் கையைப் பிடித்து, அதே சாண்ட்பேப்பரால் விரல் நுனிகளைத் தோல் கிழியும்வரை தேய்த்தார்.

"அழாதடி, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்," என்றாள் அம்மா.

மறுவாரம் கடைத்தெருவில் ஒருவர் வண்டியை மெச்சினார்.

"மகதாங்க கூட நின்னு செஞ்சா," என்று அப்பா அக்காவின் தலையைத் தடவினார்.

துணி சுற்றிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, அக்கா பெருமையாகச் சிரித்தாள்.

மகனிடம் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னேன்.

"ஏம்மா?"

"தலை வலிக்குது," என்றேன்.