பலகையில் பூசிய தார்

மயிலாப்பூரில் மெட்ரோவுக்காகத் தோண்டிய எங்கள் தெருவை ஒருவழியாக மூடித் தார் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சூடான வாசனை ஜன்னல் வழியாக வரும்போதெல்லாம், எழுபது வயதாகியும், எனக்கு விரல்களை மோந்து பார்க்கத் தோன்றுகிறது.

சீனாவோடு போர் முடிந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அரிசிக்குக் "கியூ", சர்க்கரைக்குக் "கியூ", எல்லாருக்கும் எல்லாவற்றின் மேலும் கோபம். அந்த வருஷத் தை மாதத்தில் இந்தி வேண்டாம் என்று மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். என் அப்பாவோ பள்ளிக்கூடத்தில் "இந்தி சார்". சாயங்காலம் வீட்டுக் கூடத்திலும் வகுப்பு எடுப்பார். வாசல் கேட்டில் நீலநிறப் பலகை தொங்கும், "இந்தி வகுப்பு" என்று மேலே தமிழிலும் கீழே இந்தியிலும்.

அப்பாவுக்கு இருந்த ஒரே சினேகிதர் அதே பள்ளியின் தமிழாசிரியர். நாங்கள் "தமிழையா" என்போம். தினமும் நாலு மணிக் காப்பிக்கு வந்துவிடுவார். அந்த வாரம் சட்டையில் கறுப்புத் துணியைக் குத்திக்கொண்டே வந்தார்; இருவருக்கும் பலத்த வாக்குவாதம். "இந்தி வேணாங்கிறோம். உங்களை வேணாங்கலையே சார்" என்று அவர் சொன்னதும் அப்பா சிரித்துவிட்டார். அவ்வளவு சண்டையிலும் ஒருநாள்கூடக் காப்பி ஆறியதில்லை.

மறுநாள் ஊர்வலம் எங்கள் தெரு வழியாக வருகிறது என்றார்கள். இந்தி எழுத்தைக் கண்ட இடத்தில் கல் விழுகிறது என்றும் சொன்னார்கள். "பலகையைக் கழட்டி உள்ள வச்சுடுங்கோளேன்" என்று அம்மா கெஞ்சினாள். "நான் என்ன திருட்டுத் தொழிலா பண்றேன்? அது அங்கேயேதான் இருக்கும்" என்றார் அப்பா. பள்ளிகளை மூடியிருந்தார்கள். மத்தியானம் அவர் படுத்துத் தூங்கினார். அவர் மண்டையில் கல் விழுவதை நினைத்து நினைத்து, ஒன்பது வயதுக்காரியான நான் மெல்ல வாசலுக்கு இறங்கினேன். தெருமுனையில் ரோடு போட வைத்திருந்த தார் வெயிலில் இளகிக் கிடந்தது. கொட்டாங்கச்சியில் கொஞ்சம் எடுத்துவந்து, ஸ்டூல் மேல் ஏறி, அந்த இந்தி வரி முழுவதையும் குச்சியால் பூசி மூடினேன். அப்பாவைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குப் பெருமை வேறு.

தெருக்குழாயில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது தமிழையா வந்தார். "தண்ணியில போவாது பாப்பா, மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்" என்று சொல்லிவிட்டு நடந்தவர், எங்கள் கேட்டுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். அதே சமயம் அப்பா கதவைத் திறந்தார். பலகையைப் பார்த்தார், கறுப்புத் துணியைப் பார்த்தார்.

"இத்தனை நாள் என் ஆத்துக் காப்பியைக் குடிச்சுண்டு... நீங்களா ஐயா இதைப் பண்ணினது?"

தமிழையா திரும்பி என்னைப் பார்த்தார். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். "வரேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த வழியே போனார்.

மறுநாள் ஊர்வலக்காரர்கள் பலகையைப் பார்த்துக் கைதட்டிவிட்டுக் கடந்துபோனார்கள். கல் விழவில்லை. ஆனால் தமிழையா அப்புறம் எங்கள் வீட்டுப் படியை மிதிக்கவே இல்லை. சில வருஷத்தில் ஆட்சி மாறியது, பள்ளியிலிருந்து இந்தி போயிற்று, அப்பாவை நூலக அறையில் புத்தகம் எடுத்துக் கொடுக்க உட்கார வைத்தார்கள். பேச ஓர் ஆள் மிகவும் தேவைப்பட்ட அந்த நாட்களில், நாலு மணிக்கு அவர் தன்னந்தனியாகக் காப்பி குடித்தார். அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் நான் வளர்ந்தேன்.

வேலைக்குப் போகத் தொடங்கியபின் அடையாறு பஸ் நிலையத்தில் ஒருநாள் தமிழையாவைப் பார்த்தேன். "அப்பாகிட்ட இன்னிக்கே சொல்லிடறேன் ஐயா" என்றேன். அழுகை வந்துவிட்டது. "வேணாம்மா" என்றார். "என்மேல இருந்த நம்பிக்கைதான் போச்சு. உன்மேல இருக்கிறதாவது அவருக்கு இருக்கட்டும்."

இப்போது எங்கள் வீடு இருந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம். அதன் மதிலில் யாரோ இந்தி வகுப்பு விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். நின்று படிப்பாருமில்லை, கிழிப்பாருமில்லை. நாலு மணிக்குச் சண்டை போட்ட அந்த இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

தமிழையா வேண்டாம் என்றார், அதனால்தான் சொல்லவில்லை என்று என்னையே நான் சமாதானப்படுத்திக்கொள்வதுண்டு. அது பொய். அந்த பஸ் நிலையச் சந்திப்புக்குப் பிறகு அப்பா பதினெட்டு வருஷம் உயிரோடு இருந்தார்.