மாப்பிள்ளையின் காண்டாமிருகம்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்று என் கடையில் மூன்று லேமினேஷன் மெஷின்கள் ஓடுகின்றன. இந்த வட்டாரத்துச் சான்றிதழ்களில் பாதி என் கை பட்டவை. ஒன்றிலாவது காற்றுக் குமிழி காட்டிவிட்டால் கடையை மூடிவிடுகிறேன். அப்படிப்பட்ட நான்தான் என் தங்கை வீட்டுக்காரரின் முப்பது வருடச் சேமிப்பைக் கெடுத்தேன்.

மாப்பிள்ளைக்கு ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கும் வேலை. ஏறி இறங்குகிறவர்களிடம் பழைய தபால் உறைகளைக் கேட்டு வாங்குவார். தபால்தலையில் மிருகம் இருந்தால் மட்டும் அந்த மூலையைக் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்து உரித்து, கவிழ்த்த சாப்பாட்டுத் தட்டின்மேல் காயப்போடுவார்.

"எனக்குச் சோறு போட்டுக்கத் தட்டு இல்ல, ஒட்டகத்துக்குப் படுக்கை இருக்கு" என்பாள் தங்கை.

கண் மங்கி வேலை போனது. பிறகு பார்வையே போனது. தபால்தலைகளை மட்டும் அவர் விடவில்லை. ஓரத்துப் பற்களை நகத்தால் எண்ணுவார். பழைய அச்சில் மை மேடாக நிற்கும் இடத்தை விரலால் தடவுவார்.

"இது வரிக்குதிரை மச்சான். முதுகு சொரசொரன்னு இருக்கு பாருங்க."

மனுஷர் சும்மா அடித்துவிடுகிறார் என்று நினைத்துச் சிரிப்பேன்.

தடவித் தடவி ஓரமெல்லாம் கிழிகிறது என்று தங்கை புலம்பினாள். "எங்கிட்ட விடு, நூறு வருஷம் தாங்கும்" என்று டப்பாவோடு தூக்கிவந்தேன். வேலையாட்களைத் தொடவிடாமல் நூற்றுப் பன்னிரண்டையும் நானே மெஷினில் விட்டு, ஒரே அளவு அட்டைகளாக வெட்டினேன். ஒரு குமிழி இல்லை.

மாப்பிள்ளை ஓர் அட்டையைத் தடவினார். திருப்பித் தடவினார். அடுத்ததை எடுத்தார்.

"மச்சான், எல்லாம் ஒரே மாதிரி வழுக்குதே. எங்க என் காண்டாமிருகம்?"

கடைக்கு ஓடிவந்து ஒன்றைப் பிளேடால் பிரித்தேன். மானின் முகம் பிளாஸ்டிக்கோடு உரிந்து வந்தது. சூட்டில் ஒட்டியதைப் பிரிக்க எந்த மெஷினும் கிடையாது. வாடிக்கையாளர்களிடம் நானே பெருமையாகச் சொல்கிற விஷயம்தான் அது.

இப்போது தினமும் சாயங்காலம் போய் உட்காருகிறேன். அவர் ஒவ்வொன்றாக நீட்டுவார். நான் பெயர் சொல்வேன். நேற்று நீட்டியதில் அச்சு மங்கியிருந்தது. நரியா நாயா என்று எனக்கே பிடிபடவில்லை.

"நரி" என்றேன்.

அவர் விரல் கொஞ்சநேரம் பிளாஸ்டிக்மேல் அலைந்தது.

"நீங்க சொன்னா சரிதான் மச்சான்" என்று கீழே வைத்தார்.