கால்சட்டை மடிப்பில் வந்த செடி

இலையைக் கிள்ளுவதற்கு முன் ஜெரூஷா சோப்புப் போட்டுக் கையை இரண்டு முறை கழுவுகிறார். சேலைத் தலைப்பில் துடைப்பதில்லை. அதில் சமையல் வாசம் இருக்குமாம். காற்றிலேயே உலரவிட்டு, ஒரே ஓர் இலையை உள்ளங்கையில் கசக்கி, மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடுகிறார். சற்றுப் பொறுத்துக் கண்ணைத் திறந்து, "ஒண்ணும் இல்ல" என்று செடியிடமே சொல்லிவிட்டு மொட்டைமாடியிலிருந்து இறங்குகிறார்.

கடப்பேரியில் எங்கள் வீட்டுக்கு மேல்வீடு அவருடையது. பள்ளிக்கூடம் ஒன்றில் அலுவலக வேலை. கொரோனா இரண்டாம் அலையின்போது வந்த காய்ச்சல் கணவர் ஆபேலைக் கொண்டுபோயிற்று; இவருடைய மோப்பத்தையும் எடுத்துக்கொண்டது. பால் திரிந்துவிட்டதா, குழம்பு ஊசிவிட்டதா என்பதை வீட்டு வேலைக்கு வரும் கங்கம்மாவைத்தான் கேட்க வேண்டும். "என் மூக்கு அவ மூஞ்சில இருக்கு" என்பார்.

ஆபேல் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். தண்டவாள ஓரத்துக் காலிமனையில் குறுக்கே நடந்துதான் வீடு திரும்புவார். புதரில் உரசிய கால்சட்டையில் கிரீஸ் நாற்றத்தோடு காரமான பச்சை வாசமும் ஏறியிருக்கும். "ஆடு மாதிரி புதர்ல நுழைஞ்சு வர்றீங்க, ஒரு பைக் வாங்கித் தொலைங்க" என்று இவர் திட்டுவாராம். அது எந்தச் செடி என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. காலிமனையில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது.

அவர் போய் இரண்டு வருடம் கழித்து, சபையில் கொடுப்பதற்காக ஜெரூஷா அவருடைய துணிகளை எடுத்தபோது, மடித்துவிட்டிருந்த கால்சட்டை நுனியில் ஏதோ விரலைக் குத்தியது. முள்முனை கொண்ட காய்ந்த சிறு கூடுகள். உள்ளே கருத்த விதைகள். சிலவற்றைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். சப்ஜா விதையைப் போல வெண்கூழ் கட்டின. துளசியின் சொந்தமாகத்தான் இருக்கும் என்று அப்போதே ஊகித்தார். மற்ற விதைகளைப் பெயிண்ட் பக்கெட்டில் மணல் கலந்த மண்ணின்மேல் தூவி, மண் மூடாமல் தண்ணீர் தெளித்தார். முளைத்தது ஒன்றுதான். தண்டை விரல்களுக்கிடையே உருட்டினார். நான்கு பட்டை, உருளவில்லை. இலைகள் எதிரெதிராக, சொரசொரவென்று இருந்தன. அப்போதும் அந்த விதையிலிருந்து வந்ததுதான் என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சின்ன ஊதாப் பூ உதிர்ந்து அதே முள்முனைக் கூடு வந்த பிறகுதான் சரி என்றார்.

சிலர் இதை நாய்த்துளசி என்கிறார்கள், சிலர் காட்டுத்துளசி. பெயரைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஆபேல்மீது வீசிய வாசம் இதுதான் என்று சொல்லக்கூடிய மூக்கு ஒன்றே ஒன்று, அவருடையது. பிள்ளைகள் இல்லாத வீடு அது. வேறு யாருக்கும் தெரியாது.

"இன்னாக்கா, ரோட்டாண்ட சும்மா மொளச்சிக்கினு கீற களைக்கு பக்கெட்டு, தண்ணி, எருவு" என்று கங்கம்மா ஒருநாள் சிரித்தாள்.

"ரோட்ல இருக்கறது யாரோ. இது எங்க வீட்டுக்காரர் கூட்டிட்டு வந்தது."

"சின்ன வூட்ட சொல்ற மாரி சொல்ற."

"ஆமா. அவர் போயிட்டார், நான் வச்சுக் கஞ்சி ஊத்தறேன்."

வருகிறவர்களிடமெல்லாம் இலையை நீட்டுவார். "நல்லா இருக்கு" என்றால் முகம் சுருங்கும். "நல்லான்னா எப்படி? எது மாதிரி?" என்று விடமாட்டார். தபால்காரர் இப்போது கீழ்ப்படியிலேயே நின்று கூப்பிடுகிறார்.

போன வாரம் காது மூக்கு மருத்துவர், "இத்தனை வருஷம் ஆச்சும்மா. இனிமே எதிர்பாக்காதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் பாத்திரம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க மேலே போயிருந்தேன். ஜெரூஷா கை கழுவியிருந்தார், ஆனால் இலையைத் தன் மூக்கருகே கொண்டுபோகவில்லை. சபைக்குக் கொடுக்காமல் வைத்திருந்த அந்தக் கால்சட்டையை மடியில் விரித்து, சைக்கிள் கடையில் வாங்கிய கிரீஸை அதில் கொஞ்சம் தடவி, மேலே இலைகளைக் கசக்கித் தேய்த்தார். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த கங்கம்மாவிடம் நீட்டினார்.

"மோந்து பாரு."

கங்கம்மா ஈரக்கைகளை அகல விரித்தபடி குனிந்தாள். "விக்ஸ் மாரி கீது. கிரீஸ் நாத்தம்." மூக்கை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். "வேல முடிஞ்சி ஆம்பள வூட்டுக்குள்ள வந்த மாரி கீதுக்கா."

"இன்னொரு தடவ இழு" என்றார் ஜெரூஷா.

கங்கம்மா ஆழமாக மூச்சை இழுத்தாள். ஜெரூஷா கண்ணை மூடிக்கொண்டார்.