சிவப்பு என்றால் எல்லாருக்கும் சிவப்பு

போன திங்கட்கிழமை காலையில் சம்பந்தம் அண்ணன் போன் செய்தார். உத்திரமேரூரில் ஒரு பெரிய கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர். ஹலோகூட இல்லை.

"இன்னாப்பா இது? எவன்பா எங்க மண்டபத்துக்கு மூணு ஸ்டார் போட்டவன்?"

என் தளத்தைத் திறந்து பார்த்தேன். எழுதியவர் பெயர்: ஏழுமலை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருத்தர் கோபத்தில் இருக்கும்போது சிரிக்கலாமா? கூடாதுதான். ஆனால் அந்த மூணு ஸ்டாருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறதே...

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் இணையதளம் தெரியும். எங்கள் வட்டாரத்துக் கல்யாண மண்டபங்கள் மட்டும். காஞ்சிபுரத்து ஏ.சி. மண்டபங்களைக் காட்டப் பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. திருப்புலிவனம் பக்கத்தில் எந்த மண்டபத்தில் ஜெனரேட்டர் உண்டு, எங்கே பஸ் நிறுத்த இடம் உண்டு என்று யார் சொல்வது? அதைத்தான் நான் சொல்கிறேன். டிசைன், கோடிங், பைக்கில் போய் போட்டோ எடுப்பது, திட்டு வாங்குவது... எல்லா டிபார்ட்மென்ட்டும் நானே!

தளத்தின் உயிர் அதன் காலண்டர். தேதி காலியாக இருந்தால் பச்சை. புக் ஆகிவிட்டால் சிவப்பு. மேனேஜர்கள் சொல்லச் சொல்ல நான் மாற்றுவேன். ஏன் வெறும் கலர்? எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். என் அம்மாவும் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தேன். முதல் நாளே போனை வாங்கிப் பார்த்து அம்மா சொன்னாள்:

"பச்சைன்னா போலாம், சிவப்புன்னா வேற யாரோ முந்திக்கினாங்க. அவ்ளோதானே?"

அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன்.

புரட்டாசியில் அமுதா என்ற பெண் கூப்பிட்டாள். செங்கல்பட்டில் லேப் டெக்னீஷியன். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கல்யாணம்.

"அண்ணா, உங்க சைட்டு தப்பா காட்டுது. பச்சையா கீதேன்னு அந்த உத்திரமேரூர் பெரிய மண்டபத்துக்குப் போன் பண்ணேன். மேனேஜரு எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேட்டாரு. சொன்னேன். புக் ஆயிடுச்சின்னு வெச்சிட்டாரு."

அது எந்தத் தெரு என்று நான் கேட்கவே தேவையில்லை. நானும் அப்படி ஒரு தெருக்காரன்தான். எங்கள் பக்கம் ஊர் என்றால் ஒன்று, காலனி என்றால் இன்னொன்று. சாதியை வாயால் கேட்க வேண்டாம். தெருவைக் கேட்டாலே போதும்.

"எங்க அண்ணன் கல்யாணத்துல தெருவுலதான் பந்தல் போட்டோம், அண்ணா. மழையில இலையெல்லாம் மிதந்துகினு போச்சி. பாதிப் பேரு சாப்புடாமயே போனாங்க. அதுக்குத்தான் மண்டபம் தேடறேன்."

சம்பந்தம் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அந்த ஞாயிறு புக் ஆயிடுச்சாண்ணா?"

"ஆமாம்பா... ஆயிடுச்சி."

சண்டை போட்டிருக்கலாம். போட்டால் அவர் மண்டபத்தைத் தளத்திலிருந்து எடுக்கச் சொல்வார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எடுப்பார்கள். ராத்திரி பகலாகக் கட்டியது காலியாகிவிடும். சண்டை போடாவிட்டால்? அமுதாவின் கல்யாணம் சேற்றில்!

நான் சண்டை போடவில்லை. அவர் சொன்னதை அப்படியே நம்பினேன். அந்த ஞாயிற்றைச் சிவப்பாக்கிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க அந்தத் தேதிக்காக மண்டபத்துக்கு ஒரு போன்கூடப் போகவில்லை. நல்ல முகூர்த்தம், மற்ற மண்டபங்களில் எல்லாம் அடிதடி. அண்ணனே கூப்பிட்டார்.

"ஏம்பா, அந்த ஞாயித்துக்கெயம ஏன் சிவப்பா கீது?"

"நீங்கதானே புக் ஆயிடுச்சின்னு சொன்னீங்க?"

"அது... அந்தப் பொண்ணுக்குச் சொன்னதுப்பா!"

"கேக்கறது யாருன்னு என் சைட்டுக்குப் பார்க்கத் தெரியாதுண்ணா. ஒருத்தருக்குச் சிவப்புன்னா எல்லாருக்கும் சிவப்புதான்."

"வெளையாடாத. எனக்கு இன்னா, நான் சம்பளத்துக்குக் கீறவன். ஓனரு பழைய ஆளு."

"அப்ப ஓனரையே கேளுங்கண்ணா. பச்சையா, சிவப்பா?"

போனை வைத்துவிட்டார்.

அமுதா வீட்டிலும் அன்று பேச்சு நடந்ததாம். அவள் அப்பா ஏழுமலை லோடு ஆட்டோ ஓட்டுபவர். "வேணாம்மா, எதுக்கு வம்பு? நம்ம தெருவுலயே பந்தல் போட்டுக்கலாம்" என்றாராம். அவள் சொன்ன பதில்: "நாம இன்னா ஓசியிலயா கேக்கறோம்? வாடகை குடுத்துதானே போறோம் நைனா!"

இரண்டு நாள் கழித்து அண்ணனிடமிருந்து போன்.

"தம்பி, அந்த ஞாயிறு..."

"பச்சையாக்கிடட்டுமாண்ணா?"

"வேணாம்பா. சிவப்பே இருக்கட்டும். அந்தப் பொண்ண வந்து அட்வான்ஸ் குடுக்கச் சொல்லு."

ஓனர் மனம் மாறினாரா, காலியாகக் கிடக்கப்போகும் முகூர்த்தத்தை நினைத்தாரா? எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. சில கதவுகளை மனசு திறக்கும், சில கதவுகளைக் கணக்கு திறக்கும். உள்ளே போகிறவருக்கு இரண்டும் ஒரே கதவுதானே?

கல்யாணத்தன்று கொட்டித் தீர்த்தது மழை. ஒரு இலைகூட மிதக்கவில்லை. சம்பந்தம் அண்ணன் ஜெனரேட்டருக்கு மேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நின்னுகினு வேடிக்கை பாக்கறியே, அந்த முனையப் புடி" என்றார். பிடித்தேன்.

இப்போது அந்த மூணு ஸ்டாருக்கு வருவோம். அப்பா சொல்லச் சொல்ல அமுதா டைப் செய்ததாம்: 'மண்டபம் பெருசு. சாப்பாட்டு ஹாலில் ரெண்டு ஃபேன் ஓடவில்லை. கை கழுவும் இடத்தில் தண்ணீர் நிற்கிறது. இவ்வளவு வாடகைக்கு இது போதாது. - ஏழுமலை.'

என் அப்பா காலத்தில் யாராவது உள்ளே விட்டாலே கும்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். குறை சொல்வதா? அதற்குத் துணிச்சல் மட்டும் போதாது. இந்த இடம் நமக்கும் உரியது என்ற நினைப்பு வேண்டும். ஏழுமலை அந்தத் திங்கட்கிழமை ஒரு சாதாரண வாடிக்கையாளராகியிருந்தார். எனக்கு வந்த சிரிப்பு அதற்குத்தான்.

"இடமும் குடுத்துட்டுப் பேச்சும் கேக்கணுமா?" என்று அண்ணன் பொரிந்தார்.

"போன மாசம் அந்த ரியல் எஸ்டேட்காரரு ரெண்டு ஸ்டார்தானே போட்டாரு? அவரைத் திட்டினீங்களாண்ணா?"

"...அவுரும் ஃபேனத்தான் சொன்னாரு" என்றார்.

நேற்றுத் தளத்தில் ஏழுமலையின் மூணு ஸ்டாருக்குக் கீழே பதிலாக மண்டபத்தின் புதுப் படம் ஒன்று ஏறியிருந்தது. அண்ணனே போட்டிருக்கிறார். விளக்கம் எதுவும் இல்லை. சாப்பாட்டு ஹால் கூரை, இரண்டு ஃபேன்... அவ்வளவுதான்.

எந்த ஃபேனிலும் இறக்கையே தெரியவில்லை — அந்த வேகம்!