என் பெயரில் அப்பா நடந்த நடை

பரிசு கொடுத்த அன்று அடையாறு ஆபீஸின் மூன்றாவது மாடியில் மேனேஜர் இருந்தார், எங்கள் டீமில் பதினான்கு பேர் இருந்தார்கள், கேக் வெட்டக் கத்தி தேடிக்கொண்டு ஹவுஸ்கீப்பிங் அக்கா இருந்தார், நான் இருந்தேன். வராதவர் ஒருவர்தான். அந்த மாதத்து ஆறு லட்சத்துச் சொச்சம் அடிகளை நடந்தவர். வலது கையும் வலது காலும் அசையாமல் மயிலாப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான்காவது நாளாகக் கிடந்தார். அவர் என் அப்பா. அட்டையில் என் பெயர் இருந்தது. போய் வாங்கிக்கொண்டேன். கை தட்டினார்கள்.

கையில் கட்டும் அந்த பேண்டைக் கம்பெனியே எல்லோருக்கும் கொடுத்தது. அது அடிகளை எண்ணும், நாடி பார்க்கும், தூக்கத்தை அளக்கும். மறுநாள் காலை குரூப்பில் லிஸ்ட் வரும். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மேனேஜர் அதைக் கட்டி ஒன்பது கிலோ இறங்கினார். என் பக்கத்து சீட்டுக்காரன், ஒவ்வொரு சிகரெட்டுக்கும் நாடி எகிறுவதைக் கண்ணால் பார்த்து, பாக்கெட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டான். இப்போது தினமும் கொட்டிவாக்கம் கடற்கரையில் ஓடுகிறான். நல்ல கருவிதான்.

ஆனால் லிஸ்டில் கடைசி மூன்று பேர் திங்கட்கிழமை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் பத்து தோப்புக்கரணம் போட வேண்டும். "சும்மா ஜாலிக்குப்பா" என்பார் மேனேஜர். முதல் மூன்று வாரமும் நான் போட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, ஒன்பது மணி நேரம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, மறுபடி பஸ்ஸில் உட்கார்ந்து போகிறவனுக்கு மூவாயிரம் அடி தேறுவதே பெரிது.

"மச்சி, நீ பாத்ரூமுக்காவது போறியா இல்லையா?" என்பான் பக்கத்து சீட்டுக்காரன். "பேண்டைக் கழட்டி லிஃப்டுல மாட்டிடு. அதாவது நாலு மாடி ஏறி எறங்கும்."

எல்லோரும் சிரிப்பார்கள். காதைப் பிடித்துக்கொண்டு நானும் சிரிப்பேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். பள்ளியிலும் கல்லூரியிலும் ஒருநாள்கூடத் தோப்புக்கரணம் போட்டதில்லை.

அப்பா கேன் தண்ணீர் போடுகிறவர். மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் கேன்களை அடுக்கிக்கொண்டு போய், ஆளுக்கு ஒன்று இரண்டு என்று தோளில் தூக்கி மாடி ஏறுவார். பாதி அபார்ட்மெண்டில் லிஃப்ட் கிடையாது. இருக்கும் இடத்தில் கேன்காரர் ஏறக்கூடாது என்று போர்டு. அவருக்குப் படிக்கத் தெரியாது. வாட்ச்மேன் சொல்லித் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குளிக்கக் கழற்றி வைத்த பேண்டை, மணி பார்க்க ஆகுமென்று அப்பா கட்டிக்கொண்டு போய்விட்டார். மதியம் வந்து கையை நீட்டினார்.

"இன்னாடா இது, சும்மா கைய கிள்ளிக்கினே கீது?"

பார்த்தேன். பதினாலாயிரத்துச் சொச்சம்.

"அது உன்னைப் பாராட்டுதுப்பா. பத்தாயிரம் தாண்டினா அப்படித் தட்டிக் குடுக்கும்."

"அதெப்படி அதுக்குத் தெரியும்?"

"நீ வைக்கிற ஒவ்வொரு அடியையும் எண்ணும்."

அவர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முப்பது வருசமா நடக்குறேன். எந்த நாயும் எண்ணல. இது எண்ணுது பாரு."

அவரே ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டார் என்று பிறகு சொந்தக்காரர்களிடம் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் மறுநாள் காலை அவர் கையை நீட்டச் சொல்லி வாரை இறுக்கியது நான். பேண்டில் விழுவதெல்லாம் என் போனிலும் விழும்படி அவர் போனில் அதன் ஆப்பை ஏற்றி என் கணக்கைப் போட்டுக் கொடுத்ததும் நான்தான். வெறும் மணிக்கட்டு தெரியாமலிருக்க ஆபீஸில் முழுக்கைச் சட்டை போட்டேன். விடியற்காலையில் எழுந்து மெரினா வரை நடக்கிறேன் என்றேன். நம்பினார்கள். அடுத்த மாதம் நான் லிஸ்டில் முதலாவது. எனக்கு அடுத்தவன் பக்கத்து சீட்டுக்காரன், நிஜமாகவே ஓடுகிறவன். அவன் கேலியை நிறுத்திவிட்டான். எனக்கு அது போதுமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அப்பா கேட்கும் முதல் கேள்வி, "எத்தினி?" இருபதாயிரம் என்பேன். அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லுவார்.

மாதத்தின் மூன்றாவது வாரத்தில் ஒரு மீட்டிங்கின் நடுவே என் போனில் இங்கிலீஷில் ஒரு செய்தி விழுந்தது. இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லாததுபோல் தெரிகிறது, டாக்டரைப் பாருங்கள் என்றது. அன்றே இன்னும் இரண்டு முறை வந்தது. அதே செய்தி அப்பா கையிலும் அதிர்ந்திருக்கும்.

அன்று அவர் வாசலிலேயே நின்றிருந்தார். "இன்னிக்கு சாதா நாள் மாதிரி இல்லடா. மூணு தபா சேத்துத் தட்டிக் குடுத்துச்சு!"

அந்த வீட்டில் அந்தச் செய்தியைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"ஆமாம்ப்பா," என்றேன். "நல்லா நடந்திருக்க." பிறகு, எதற்கும் கேட்டு வைப்போம் என்று, "மூச்சு கீச்சு வாங்குதா?" என்றேன்.

"ரெண்டு கேனைத் தூக்கிக்கினு மூணு மாடி ஏறுனா மூச்சு வாங்காம பின்ன பாட்டா வரும்?"

அம்மாவும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்து ஆபீஸுக்கு வாராவாரம் வரும் டாக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்தச் செய்தி அவருக்கும் போயிருக்கிறது. சட்டையைக் கழற்றச் சொல்லி, நெஞ்சில் கம்பிகளை ஒட்டி ஈசிஜி எடுத்தார். காகிதத்தை நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"குதிரை மாதிரி இருக்கு தம்பி. இந்த பேண்டெல்லாம் சில சமயம் உளறும். பயப்படாதே."

டாக்டர், அதைக் கட்டியிருந்தது எங்கப்பா. ஒரே ஒரு வரி. சட்டைப் பொத்தானைப் போடுகிற நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் லிஸ்ட் பொய்யென்று தெரிந்துவிடும். மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. என் நெஞ்சு நன்றாக இருக்கிறது என்ற காகிதத்தை மடித்து, அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது அந்த எச்சரிக்கையை மட்டும் ஆஃப் செய்தேன்.

அதற்குப் பிறகு அப்பாவுக்குக் குறையாகிவிட்டது. "இப்பல்லாம் கம்மியாத்தான் தட்டுதுடா. நட பத்தலியோ?" என்றார். நான் என்னவோ சொல்லி மழுப்பினேன். அவர் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு கேனை ஒரே நடையில் ஏற்றுவதை நிறுத்தினார்.

"ஒவ்வொண்ணா தூக்குனா ரெண்டு தபா ஏறலாம். எப்டி?" என்று கண்ணடித்தார்.

"சூப்பர்ப்பா," என்றேன்.

கடைசி நாள். சாயங்காலம் கடற்கரையில் பதினைந்தாயிரம் ஓடப்போவதாகப் பக்கத்து சீட்டுக்காரன் சவால் விட்டான். "முடிஞ்சா தொடு மச்சி!" நான் மேஜைக்கடியில் போனைப் பார்த்தேன். பதினோராயிரத்து இருநூற்று ஆறு. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அதே எண். சாப்பிட்டு வந்து பார்த்தேன். அதே எண்தான். எனக்குக் கோபம் வந்தது. அப்பாவுக்குப் போன் போட்டேன். எடுத்த சத்தம் கேட்டதும், "ஏன்ப்பா நின்னுட்ட? இன்னும் ஆறாயிரம் வேணும், எழுந்து நட," என்றேன்.

ஒரு பெண் குரல் பேசியது. "யாருப்பா? கேன் போடறவரோட பிள்ளையா? ரெண்டாவது மாடிப் படியில விழுந்து கெடக்கார்ப்பா, இப்பத்தான் பார்த்தோம். வாய் ஒரு பக்கமா கோணிண்டு போறது. கேன் ஒடைஞ்சு படியெல்லாம் ஜலம், எங்காத்து மனுஷாளும் வழுக்கி விழப்போறா. சீக்கிரம் வா."

நான் போவதற்குள் அந்த அம்மாளே தன் வீட்டுத் துண்டால் அவரைத் துடைத்து, வாட்ச்மேனைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்.

பக்கவாதம் என்றார்கள். எப்போது வந்தது என்று சரியாகத் தெரிந்தால்தான் அடைப்பைக் கரைக்கும் ஊசி போட முடியும், நேரம் தாண்டினால் போட முடியாது என்றார் டாக்டர். நான் போனைக் காட்டினேன். பன்னிரண்டு எட்டுக்கு அடிகள் நின்றிருந்தன. ஊசி போட்டார்கள். அதனால்தான் உயிர் தங்கியது. அந்தக் கருவி காப்பாற்றியது என்று சொன்னால் அதுவும் உண்மை.

"படிச்ச பிள்ளைன்னா இப்படி இருக்கணும்," என்று அம்மாவிடம் சொன்னார் டாக்டர். பிறகு என்னிடம் திரும்பினார். "இதயத் துடிப்பு தாறுமாறா இருக்கு. அதுலதான் ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாத்திரையில தடுத்திருக்கலாம். இந்த பேண்ட் எதுவும் காட்டலையா?"

"இல்ல சார்," என்றேன்.

நர்ஸ் அப்பாவின் ஈரச்சட்டையையும் மணிக்கட்டிலிருந்து கழற்றிய பேண்டையும் என் கையில் கொடுத்தார். சட்டையை அம்மாவிடம் கொடுத்தேன். பேண்டைக் கட்டிக்கொண்டேன். ஐசியூ வாசலில் எல்லோரும் நடப்பதுபோல் நானும் முன்னும் பின்னும் நடந்தேன். ஆனால் மற்றவர்கள் கதவைப் பார்த்து நடந்தார்கள். மருந்துக்கடை வரைக்கும் லிஃப்டில் போகாமல் படியில் போய் வந்தேன். "கொஞ்சம் உக்காருப்பா, கால் ஓஞ்சிடப்போவுது," என்று அம்மா அழுதார். ஆறாயிரம் தாண்டிய பிறகு உட்கார்ந்தேன். அந்த ஆறு லட்சத்தில் என் சொந்த நடை அது மட்டும்தான்.

பரிசு ஐயாயிரம் ரூபாய் கூப்பன். விளையாட்டுச் சாமான் கடையில் மட்டும் செல்லும். பிசியோதெரபிக்காரர் லேஸுக்குப் பதில் ஒட்டும் பட்டை வைத்த ஷூ வேண்டும் என்றார், அதில் வாங்கிக் கொடுத்தேன். அம்மாவைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக அப்பா அதில் நடக்கிறார், வலது காலை இழுத்து. எச்சில் வழிய ஏதோ பேசுவார். அம்மாவுக்குப் புரியும், எனக்குப் பாதிதான் புரியும். தண்ணீர் லைனை வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று, வண்டியையும்.

போன வாரம் அம்மா மஞ்சள் பையிலிருந்த பில்களையெல்லாம் என் முன்னால் கொட்டினார். "மொத்தம் இன்னாச்சுன்னு கேக்குறாரு. கூட்டிச் சொல்லு. நீதான படிச்சவன்."

தன் கம்மல், வண்டி விற்றது, என் பெயரில் எடுத்த கடன் எல்லாம் அந்தக் காகிதங்களில்தான் போயிருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும். தொகைதான் தெரியாது. கூட்டினேன். அப்பா கட்டிலில் சாய்ந்து, முன்பு சாயங்காலங்களில் "எத்தினி?" என்று கேட்டுவிட்டுப் பார்ப்பதுபோலவே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

ஐந்து லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூறு ரூபாய்.