கருவாடு மூடும் பனர்

சுவரில் தொங்கும், படம் அச்சடித்த எந்தப் பனரைக் கண்டாலும் பாக்கியரத்தினத்தின் சைக்கிள் தானாக நின்றுவிடும். இறங்கிப் போய், அதன் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்ப்பார். கைகூப்பும் வேட்பாளரோ, பூப்படைந்த சாமத்தியவீட்டுப் பெண்ணோ, படத்தில் இருப்பது யாரென்ற கவலை அவருக்கு இல்லை. "இது நல்ல மொத்தமான துணி. மாரி மழைக்குத் தாங்கும்" என்பார்.

தேர்தலில் கட்டுக்காசு இழந்த எத்தனையோ பெரிய மனிதர்கள் சல்லி ஊர்க் கடற்கரையில் அவருடைய கருவாட்டை மழையிலிருந்தும் காகத்திலிருந்தும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாரும் குப்புறத்தான் கிடப்பார்கள். மனுசனுக்கு அரசியல்வாதிகள் மேல் அவ்வளவு கோபம் என்று ஊர் சிரிக்கும். அவரும் மறுத்துச் சொல்வதில்லை.

துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள தேவாலய மண்டபத்துக்கு அவர் போனதும் அந்தக் கண்ணோடுதான். பாதர்மாரின் குசினிக்குக் கருவாடு கொடுக்க வந்தவர், திறந்த கதவால் ஆளுயரத் துணிகளைக் கண்டார். இத்தாலியின் பழைய தேவ ஓவியங்களைத் துணியில் அச்சிட்டு, ஊர் ஊராகக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்தான். ஆனாலும் செருப்பைப் படியில் கழற்றிவிட்டு, கருவாட்டுக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

படங்களை விளக்க நின்ற தர்சிகா என்ற மாணவியிடம் எடுத்த எடுப்பில் கேட்டார்: "பிள்ளை, எல்லாம் முடிஞ்சாப் பிறகு இந்தத் துணியளை என்ன செய்வியள்?"

"அடுத்தது மட்டக்களப்புக்குப் போகும் ஐயா. ஒண்டு மட்டும் ஓரம் கிழிஞ்சு போச்சு. அதைத் தருவினமோ எண்டு பாதரிட்டக் கேட்டுச் சொல்லுறன். முதல் படங்களைப் பாருங்கோவன்."

கடைசி இராப்போசனத்தின் முன்னால் குனிந்து பார்த்தார். "தட்டில கிடக்கிறது மீன்தான். விளைமீனோ பாறைமீனோ, கீறினவனுக்கே தெரியாது." தர்சிகா சிரித்தாள்.

அடுத்த படத்தில் மாதா குழந்தையை மடியில் வைத்திருந்தாள். பழக்கத்தில் ஓரத்தைத் தடவப்போன கை, அவள் முகத்தைக் கண்டதும் நின்றுவிட்டது.

"இது எந்தக் காலத்துப் படம் பிள்ளை?"

"ஐந்நூறு வருசத்துக்கு முந்தினது. இது பிரதிதானே ஐயா. உண்மையான படத்தை அங்க வெயில் படாமல் வச்சிருக்கினம்."

"ஐந்நூறு வருசம்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, கேட்காமலே மனைவியின் கதையைத் தொடங்கினார். கமலாதேவி இறந்தபோது ஒழுங்கை முகப்பில் கண்ணீர் அஞ்சலிப் பனர் கட்டினார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து அதை அவிழ்த்த அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. கருவாடு வெளியே கிடந்தது. அவசரத்துக்கு அதையே எடுத்து விரித்தார். அவசரத்துக்கு விரித்தது அங்கேயே கிடந்துவிட்டது.

"அவவின்ர முகத்தில மீன் நாத்தம் படக்கூடாதெண்டு, முகத்தை மேல பாக்க விரிச்சனான். மரியாதை எண்டுதான் நினைச்சன் பிள்ளை. வெயில் முதல் கண்ணைக் குடிச்சுது. பிறகு வாயை. இப்ப எழுத்து மட்டும் கிடக்கு."

"வேற படம் இல்லையோ ஐயா?"

"கலியாணப் படம் சுனாமியோட போச்சு. பனருக்குக் குடுத்த படம் போனில இருந்தது. அது வள்ளத்தால கடலுக்க விழுந்திட்டுது. கண்ணை மூடினால் மூக்கு வருது, முகம் வருகுதில்லை."

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அதற்குப் பிறகுதான் அவர் யாருடைய முகத்தையும் வெயிலுக்குக் காட்டி விரிப்பதில்லை. யாருடைய முகத்தைக் காப்பாற்றி என்ன, காப்பாற்ற வேண்டிய முகம் போய்விட்டது.

தர்சிகா போய், பாதரிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். "ஐயா, இந்த மாதா படம்தான் கிழிஞ்சது. கண்காட்சி முடிய உங்களைக் கொண்டு போகட்டாம்."

"வேண்டாம் பிள்ளை. என்ர வீட்டில வெயில் கூட."

அதற்குள் பின்னேர வெயில் துறைமுகப் பக்கத்து யன்னலால் இறங்கி, மாதாவின் கழுத்தைத் தொட்டிருந்தது. யன்னலுக்குக் கதவும் இல்லை, திரையும் இல்லை. பாக்கியரத்தினம் யன்னலுக்கும் படத்துக்கும் நடுவில் போய், வெயிலுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். அவருடைய நிழல் அவள் முகத்தில் விழுந்தது. வெயில் நகர நகர, வெறுங்காலோடு அவரும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார்.