முயலின் பைக்குள் ஈரல்

அந்த அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'அண்ணி' என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் அப்படி இல்லை. வீடியோ கேம்களுக்குக் கதை எழுதும் வேலையில் அவள் சேர்ந்தபோது 'மேடம்' என்றார்கள், எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டார்கள். நாத்தனார் என்று ஒருத்தி வந்து சேர்ந்தாளே, அன்றைக்குப் போயிற்று அந்த மரியாதையெல்லாம். "அண்ணி, காபி குடிக்க வரீங்களா?" என்று அவள் ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்துவாள். கொஞ்ச நாளில் வாசல் காவலாளிகூட "குட்மார்னிங் அண்ணி" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இதில் கொடுமை என்னவென்றால், நாத்தனாருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான். "என் தங்கச்சி சும்மாத்தானே உக்காந்திருக்கா, ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன்" என்று கணவன் நச்சரித்தான். இவளும் சொன்னாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

அடுத்த கேமுக்குக் கதை கேட்டு மேனேஜர் கூட்டம் போட்ட அன்று விஷயம் முற்றியது. அண்ணி இரண்டு ராஜாக்கள், ஒரு மந்திரக் கத்தி என்று மாய்ந்து மாய்ந்து எழுதி வைத்திருந்ததைப் படித்தாள். மேனேஜர் கொட்டாவியை மென்று விழுங்கினார். பிறகு நாத்தனார் எழுந்தாள். கையில் ஒரு காகிதம்கூட இல்லை.

"சார், நிலாவுல முயல் இருக்குன்னு நமக்குத் தெரியும். அது அங்க என்ன பண்ணுதுன்னு கேட்டா, சீனாக்காரங்க சாகாவரம் தர்ற மருந்து இடிக்குதுன்றாங்க. ஜப்பான்ல கேட்டா, இல்ல, பலகாரத்துக்கு மாவு இடிக்குதுன்றாங்க. அந்த முயலாத்தான் நாம ஆடப் போறோம். மருந்துக்கு மூலிகை தீர்ந்து போச்சு. பூமிக்கு இறங்கி வருது."

அப்புறம் மடை திறந்தாற்போல் கொட்டினாள். ஜப்பான் கதை ஒன்றில் ஒரு முயல் கடலைத் தாண்ட வேண்டும். "உங்க கூட்டம் பெருசா, எங்க கூட்டம் பெருசா, எண்ணிப் பாக்கலாம்" என்று சொல்லிச் சுறாக்களை வரிசையாக நிற்க வைத்து, முதுகு முதுகாகத் தாவிப் போகும். கரை சேரும் முன்னே ஏமாற்றியதைப் பீற்றிக்கொள்ள, கடைசிச் சுறா அதன் ரோமத்தை உரித்துவிடும். "தாவறதுக்கு ஒரு கட்டம் தானா கிடைச்சிருச்சு சார். வாயத் திறந்தா தோலு போயிடும்." கொரியாக் கதையில் கடல் ராஜாவுக்கு நோய், முயலின் ஈரல்தான் மருந்து. ஆமை நைச்சியமாகப் பேசி முயலைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும். ராஜா கத்தியைத் தீட்டும்போது, "அடடா, முன்னாடியே சொல்லக் கூடாதா? ஈரலைக் கரையிலேயே வெச்சுட்டு வந்துட்டேனே" என்று முயல் சொல்லும். ராஜா அதை நம்பிக் கரைக்கு அனுப்ப, முயல் தப்பித்துவிடும்.

மேனேஜர் கைதட்டினார். "இதான் கதை. சண்டையே இல்லாம ஜெயிக்கிற ஹீரோ. நீயே தலைமை எடுத்துக்கோம்மா. அண்ணி உனக்கு உதவியா இருப்பாங்க."

உதவி! அண்ணிக்கு வயிறு எரிந்தது. நாகரிகமாகச் சொல்லிப் பயனில்லை, அப்பட்டமான பொறாமை. நாத்தனார் சிரித்தால் பொறாமை, பேசாமல் இருந்தால் அதற்கும் பொறாமை. வீட்டுக்குப் போனால் அங்கே கணவன் வேறு, "பாத்தியா என் தங்கச்சிய! சின்ன வயசுலயே அவ கதை விடுவா" என்று ஒரு வாரம் பூரித்துப் போய்த் திரிந்தான். அண்ணி அவன் தட்டில் பாத்திரம் அதிரச் சோறு போட்டாள்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து, தப்பு இருந்தால் சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று பொருள், காட்சி அப்படியே கேமுக்குள் போய்விடும். கடல் ராஜா சபையின் காட்சி அண்ணியிடம் வந்தது. நாத்தனார் மேஜையின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு நின்றாள்.

"நல்லாப் படிங்க அண்ணி. உங்க கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது."

தப்பவில்லை. முதல் வாசிப்பிலேயே ஓட்டை தெரிந்துவிட்டது. ஆடுபவரின் முயல் தோளில் ஒரு பையை மாட்டியிருக்கும். பொத்தானை அழுத்தினால் பை திறக்கும், உள்ளே உலக்கை, மூலிகை, கூடவே சிவப்பாகத் துடிக்கும் ஓர் ஈரல். அந்த ஈரல்தான் முயலின் உயிர், அடிபட்டால் நிறம் மங்கும். ஆட்டம் முழுக்க அந்தப் பையை எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். ஈரலைக் கரையில் வைத்துவிட்டு வந்தேன் என்று முயல் சபையில் புளுகும்போது, ஆடுபவர் பையைத் திறந்தால் போதும். கதை கந்தலாகிவிடும்.

சொல்லியிருக்கலாம். அந்தக் காட்சியில் மட்டும் பையைப் பூட்டிவிட்டால் தீர்ந்தது. வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "படிச்சுட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

"ஒண்ணும் மாத்த வேண்டாமா?"

"ம்ஹும்."

அன்றைக்குத்தான் பல நாள் கழித்துக் கணவனிடம் சிரித்துப் பேசினாள். அவனுக்கு உள்ளூரப் பயமாகவே இருந்தது.

சோதனை நாள் வந்தது. வெளியாட்கள் சிலரை ஓர் அறையில் உட்காரவைத்து ஆடச் சொல்வார்கள். எழுதியவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சொதப்பினால் நாத்தனாரின் தலைமை போய்விடும், மேனேஜர் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். நாத்தனார் நகத்தைக் கடித்தாள். அண்ணி மடியில் கையைக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் முதல் வரிசையில் இடம் பிடித்தவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

கல்லூரிப் பெண் ஒருத்தி சுறாக்களின் மேல் தாவி, ரோமத்தைப் பறிகொடுத்து, சபைக்கு வந்து சேர்ந்தாள். கடல் ராஜா கத்தியை எடுத்தார். முயல் தன் புளுகைச் சொன்னது. ராஜா தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். பெண்ணின் விரல் பொத்தானுக்குப் போனது. பை திறந்தது.

இதோ, என்று அண்ணி மூச்சை இழுத்தாள்.

"ஐயய்யோ, இங்கதான இருக்கு!" என்று அலறிய அந்தப் பெண், பட்டென்று பையை மூடினாள். ராஜா பார்த்துவிட்டாரா என்று திரையை உற்றுப் பார்த்தாள். முயலை மெல்லத் திருப்பி, பை இருக்கும் தோளை ராஜாவுக்கு மறைத்து நிறுத்தினாள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ராஜா "சரி, போய் எடுத்து வா" என்றதும் நாற்காலியிலிருந்து குதித்தேவிட்டாள்.

அடுத்து வந்த நடுத்தர வயதுக்காரர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இவன் சோதனை போட்டா நாம செத்தோம்" என்று பக்கத்தில் யாரோ இருப்பதுபோல் கிசுகிசுத்தார். அவர் நெற்றியில் வியர்வை. அவருக்கு அடுத்தவரும் அதே கூத்துதான். வெறும் புளுகாக இருந்தது, பைக்குள் ஈரல் துடித்ததால் உயிர்ப் பயமாகிவிட்டது. தான் பொத்திப் பொத்தி வைத்த ஓட்டை கண்ணெதிரே கேமின் உச்சக் காட்சியாக மாறுவதை அண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் துள்ளி எழுந்தார். "பையைத் திறந்தே விடணும்னு யாருக்குத் தோணுச்சு? பிரமாதம்! ராஜா பையைக் கேக்கற மாதிரி ஒரு கட்டம் சேத்துடலாம்."

"சத்தியமா எனக்குத் தோணலை சார். நான் பையை மறந்தே போயிட்டேன்" என்றாள் நாத்தனார். "அண்ணிகிட்டதான் படிக்கக் கொடுத்தேன். அவங்க கண்ணுல இது படாம இருக்குமா? தப்பா இருந்தா சொல்லியிருப்பாங்க. சொல்லலைன்னா, வேணும்னுதான் விட்டிருக்காங்க."

எல்லோரும் திரும்பி அண்ணிக்குக் கைதட்டினார்கள். தலைமையில் அண்ணிக்கும் பாதி என்று மேனேஜர் அங்கேயே அறிவித்தார். அவள் ஆசைப்பட்டதெல்லாம் இதற்குத்தான்.

"வேணும்னுதான் விட்டீங்க, இல்லையா அண்ணி?" நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். குறும்பு இல்லை, குத்தல் இல்லை, குழந்தை கேட்பதுபோல் கேட்டாள்.

"ஆமா" என்றாள் அண்ணி. "வேணும்னுதான்."

அது பொய்யும் இல்லை. கைப்பையை மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதைக்காகவும் தலைமைக்காகவும் பொறாமைப்பட இனி ஒன்றுமில்லை, பாதி கைக்கு வந்துவிட்டது. ஆனால் ஒருத்தி வாய் திறக்காமல் இருந்ததைக்கூட நாத்தனாரால் நல்லதாக எடுத்துக்கொள்ள முடிகிறதே, அது தனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது என்று அண்ணிக்குத் தெரிந்தது. அதற்காகத்தான் இப்போது வயிறு எரிந்தது, முன்னைவிட அதிகமாக.